கட்டை

எங்கட ஊரிலிருந்து அக்கரைப்பற்று ஏழெட்டுக் கட்டை தூரம்.
யதுர்ஷன் ஐந்தரைக் கட்டையிலிருந்து விழுந்தது
ஒரு திங்கட்கிழமை,
காலைக் கூட்டத்தில்,
கல்லூரிக் கீதத்தின் மூன்றாம் அடியில்.

கொடிக்கம்பத்தைச் சுற்றி எண்ணூறு பேர்.
முதலில் ஒன்பதாம் ஆண்டு சிரித்தது.
திரும்பிப் பார்த்தால்
உடற்கல்விச் சேர் விசிலை வாயில் செருகி
சிரிப்பை அடைத்துக்கொண்டு நிற்கிறார்.
விசில் மெல்ல ஊதியது.

மிச்சத்தை நான் பாடினேன்.
இரண்டாம் வரிசையில் நின்றவள்.
மைக் அவன் உயரத்துக்கு நின்றது,
குதிக்காலைத் தூக்கிக்கொண்டு பாடினேன்.
வீரம் ஒன்றுமில்லை,
அஞ்சலோட்டக் கோல் நிலத்தில் விழுமுன் பிடிக்கிறதுதான்.
அடுத்த திங்களும் நானே பாடினேன்.
சந்தோசமாய் இருந்தது. பொய் ஏன்?

சங்கீத அறை என்பது மனையியல் கூடத்தின் பாதி.
அலுமாரிக்கு அந்தப் பக்கம் கேக் வேகும்,
இந்தப் பக்கம் மாயாமாளவகௌளை.
சுனாமிக்குப் பிறகு யாரோ தந்த ஆர்மோனியத்தில்
மேல் தைவதம் அழுத்தினால் எழும்பாது.
நெம்பி எடுக்கவென்றே
ஒரு தீப்பெட்டி வைத்திருக்கிறோம்.
சுருதிப்பெட்டியின் திருகியில்
ஐந்தரைக்கு நேரே ஒரு நீலப் புள்ளி,
ஆறாம் ஆண்டில் யதுர்ஷன் பேனாவால் குத்தினது.
அந்தப் புள்ளிக்குத்தான் வகுப்பே பாடியது.
எட்டாதவர்கள் வாயசைத்தோம்.

குரல் கட்டையாகிப்போன கிழமை
மளிகைக்கடைக்காரர் போனில் அவனை அவன் அப்பா என்று நினைத்து
இரண்டு மாதப் பாக்கி கேட்டாராம்.
அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை,
வகுப்பிலும் வாய் திறப்பதில்லை.
தாளம் மட்டும் போட்டான்.
ஏழாவது எண்ணிக்கையில் ஒருதரம் செருமுவான்.
நாங்கள் அந்தச் செருமலுக்கும் சேர்த்தே
எட்டு எண்ணப் பழகிவிட்டோம்.

ஓஎல் செயன்முறைப் பரீட்சைக்கு
வானில் பதினொரு பேர் போனோம்,
சுருதிப்பெட்டி என் மடியில்.
மண்டபத்துக்கு வெளியே வாங்கில் வரிசையாய் இருந்தோம்.
அவன்தான் கடைசி.
உள்ளே போய் அமர்ந்து பெட்டியைத் தொட்டபோது
பக்கத்துப் பள்ளிவாசலில் லுஹர் வாங்கு தொடங்கியது.
பரிசோதகர் பேனாவை மூடி வைத்தார்.
கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன்:
அவன் முதுகு,
சேட்டில் வியர்வை,
காற்றுக்கு ஒற்றைப் பக்கம் எழும்பி விழும் புள்ளித்தாள்.
அன்றைக்கு முழுக்க அங்கே
யாருமே பாட்டுப் படிக்காத நாலு நிமிடம்.

முடிந்ததும் கேட்டார்:
"என்ன கட்டை, தம்பி?"

விரல் நீலப் புள்ளியில் இருந்தது.
பிறகு திருகினான்.
திருகினான்.
அந்தலையில் முட்டும் வரைக்கும்.

தோணியை மணலில் இழுக்கிறது போல ஒன்று வந்தது.
பல்லவி முழுக்க இழுத்தான்.
சரணத்தில் ஓரிடத்தில் உடைந்தது.
நான் கண்ணை மூடிவிட்டேன்;
காதை மூட ஏலவில்லை.
அவன் நிற்கவில்லை,
உடைந்த துண்டையும் எடுத்துக்கொண்டு
அடுத்த ஆவர்த்தனத்துக்குப் போய்விட்டான்.

திரும்பும் வானில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
தம்பிலுவில் தாண்டும் முன் அவன்தான் கேட்டான்,
அந்தக் கடைக்காரரை ஏமாற்றிய குரலில்:
"டிப்பெக்ஸ் இருக்கா?"

ஒன்றுக்கு நேரே வெள்ளையாய் ஒரு புள்ளி வைத்தான்.
ஊதிக் காயவிட்டான்.
"நீலத்த நீ எடு" என்றான்.
"எனக்கு ஆறு" என்றேன்.
"அப்ப நீயே போடு."

போட்டேன்.
பாலத்தில் வான் தூக்கிப் போட்டதில்
என் புள்ளி
ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கேயோ விழுந்தது.
துடைக்கத் துணி இல்லை.
பள்ளிக்கூடத்துக்கு
இன்னும் ஒரு கட்டை கிடந்தது.